கையால் கற்கும் விஞ்ஞானமும் கிராமப் பஞ்சாயத்தும்

கோயம்புத்தூரிலிருந்து திருச்சி சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர் சிங்காநல்லூரைக் கடந்து செல்வர். அங்குள்ள சந்துகளில் லேத் பட்டறைகளின் ஓசை கேட்கும். மோட்டாருக்குக் காயில் கட்டுவோரும், பம்பு உறுப்புகளைக் கடைவோரும், வார்ப்படச் சாலைகளில் இரும்பை உருக்கி வார்ப்போரும் இச்சுற்றுப்புறத்தில் பலர். சாலையை விட்டு விலகித் தோட்டங்களுக்குள் நுழைந்தால், அங்கும் கிணற்று மேட்டில் மின்சார மோட்டார் நிற்கின்றது. ஆகவே, இப்பகுதியின் பள்ளிச் சிறுவர் சிறுமியர் பிறந்தது முதல் இயந்திரங்களின் நடுவிலேயே வளர்கின்றனர்.

ஆயினும், அவர்களிடம் "மோட்டார் ஏன் சுழல்கின்றது?" என்று வினவினால், பாடப் புத்தகத்தின் வாசகத்தை ஒப்பிக்கின்றனரே அன்றி, தம் தோட்டத்து மோட்டாரைச் சுட்டிக் காட்டி விளக்குவோர் மிகச் சிலரே. வீட்டில் காண்பது வேறு, பள்ளியில் படிப்பது வேறு என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் பதிந்துவிட்டது. இப்பிளவை நீக்கும் வழி யாது, அதில் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் உள்ள பங்கு யாது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

பூட்டிய அலமாரி

முதலில் நம்முடைய குறை ஒன்றையே கூறிவிடுவது முறையாகும். வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற முறையில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஒரு பள்ளியைப் பார்வையிடச் சென்றோம். விஞ்ஞான உபகரணங்கள் உள்ளனவா என்று கேட்டோம். உபாத்தியாயர் மகிழ்ச்சியோடு ஓர் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். காந்தங்கள், கண்ணாடி வில்லைகள், சோதனைக் குழாய்கள் யாவும் வாங்கிய நாளில் இருந்தவாறே காகித உறை பிரியாமல் இருந்தன. இருப்புப் பதிவேட்டை எடுத்துச் சரிபார்த்தோம். ஒரு பொருளும் குறையவில்லை. "மிக நன்று" என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திரும்பினோம்.

திரும்பும் வழியில்தான் நாம் செய்த பிழை உறைத்தது. நாம் பாராட்டியது பொருள்களின் பாதுகாப்பை. பிள்ளைகளின் கல்வியை அன்று. ஒரு குழாய் உடைந்திருந்தால் அதற்கு விளக்கம் கேட்டிருப்போம். ஒரு பிள்ளையும் அதைத் தொடவில்லை என்பதற்கு விளக்கம் கேட்கவில்லை. உடைந்தால் யார் ஈடு செய்வது என்ற அச்சத்தாலேயே அந்த உபாத்தியாயர் அலமாரியைப் பூட்டி வைத்திருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவ்வச்சத்தை வளர்த்தவர்கள் பதிவேட்டை மட்டும் பார்த்துச் செல்லும் நம்மைப் போன்ற அலுவலர்களே.

அன்று தொட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். கிராமப் பள்ளிகளில் செய்முறை விஞ்ஞானம் தழைக்காமைக்குப் பணக்குறை மட்டும் காரணமன்று. தொட்டுப் பார்க்கவும், பிரித்துப் பார்க்கவும், சில வேளைகளில் உடைத்துவிடவும் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லாமையே பெருங்காரணம். அவ்வனுமதியை வழங்கும் ஆற்றல் ஊருக்கு உண்டு.

கோவை நாடு கற்ற வழி

கோயம்புத்தூர் மாவட்டம் தொழிலில் சிறந்தது கையால் கற்றவர்களாலேயே ஆகும். சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு மிகுதியாக வாய்க்கவில்லை. இளமையில் தம் ஊர்ப்பக்கம் வந்த ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். பின்னர் கோவையில் ஓர் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். அதைச் சவாரிக்காக மட்டும் அவர் வாங்கவில்லை. உறுப்பு உறுப்பாகப் பிரித்து மீண்டும் பூட்டி, அதன் இயக்கத்தை அறிந்து கொண்டார்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய அவர், பின்னர் ஒரு பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நிறுவினார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின்சார மோட்டாரைக் கோவையில் தயாரித்தளித்தார். 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றவும் அவரது கொடை காரணமாயிற்று. அதுவே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. சிங்காநல்லூரை அடுத்த பீளமேட்டிலோ 1926-இல் தோன்றிய பி. எஸ். ஜி. அறநிலையம் அதே ஆண்டில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தையும் தொடங்கியது. ஏட்டுக் கல்வியும் பட்டறைப் பயிற்சியும் ஒருங்கே அமைய வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று.

1930-களின் தொடக்கத்தில் பைக்காராவின் நீர்மின்சாரம் கோவையை வந்தடைந்தது. ஆலைகள் பெருகின. தோட்டங்களில் கவலை ஏற்றம் இறைத்த இடத்தில் காலப்போக்கில் மின்சார பம்பு அமர்ந்தது. ஆனால், கவலை இறைத்த காலத்தில் ஒவ்வொரு சிறுவனும் அதன் உருளையையும் வடத்தையும் சாலையும் கண்ணால் கண்டு அறிந்தான். இன்றோ மோட்டார் ஒரு மூடிய பெட்டி. பித்தானை அழுத்தினால் நீர் வருகின்றது. கருவி எளிதான அளவுக்கு அறிவு எட்டத்தில் போய்விட்டது. அதனை மீண்டும் பிள்ளைகளின் கைக்கெட்டச் செய்வதே செய்முறை விஞ்ஞானத் திட்டங்களின் நோக்கமாகும்.

இன்றுள்ள திட்டங்கள்

இத்துறையில் தொண்டர்களும் அரசும் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகின்றனர். 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கிராமங்கள்தோறும் விஞ்ஞானத்தை எடுத்துச் சென்றது; 1987-இல் 'துளிர்' என்னும் சிறுவர் விஞ்ஞான மாத இதழையும் தொடங்கியது. 1993 முதல் நடைபெறத் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிற்காக, பிள்ளைகள் சிறு குழுக்களாகத் தம் ஊரின் பிரச்சினை ஒன்றையே ஆராய்ந்து அறிக்கை தயாரித்தனர்.

தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் 'வானவில் மன்றம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணாக்கரை முன்னிட்டு இஃது ஏற்பட்டது. கருத்தாளர்கள் ஆய்வுப் பொருள்களை உடன் எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்து, விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் செய்து காட்டுவதும், பிள்ளைகளைச் செய்ய வைப்பதும் இதன் முறையாகும்.

மத்திய அரசின் நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ், தேர்ந்தெடுக்கப்பெறும் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணாக்கருக்குத் தொழில்நுட்பச் செய்முறைக் கூடங்கள் அமைக்கப்பெற்றன. ஒரு கூடத்திற்கு ஐந்தாண்டுகளில் ரூ.20 லட்சம் வரை மானியம் என்பது அதன் ஏற்பாடு. இதுவன்றி, மாணாக்கரின் புதிய கருத்துக்களைத் தேர்ந்தெடுத்து, மாதிரி செய்வதற்கு ரூ.10,000 வழங்கும் 'இன்ஸ்பயர் மானக்' விருதும் உண்டு.

இத்திட்டங்கள் சிறந்தவையே. எனினும் கருத்தாளர் வந்து செல்வது சில மணி நேரம். அவர் சென்ற பின்னரும் அந்த வினா பிள்ளையின் மனத்தில் நிலைத்திருக்க வேண்டுமானால், அதே வினா தோட்டத்திலும் வீட்டிலும் எதிர்ப்பட வேண்டும். விலையுயர்ந்த கருவியின்றி எந்தக் கிராமப் பள்ளியிலும் செய்யக்கூடிய மூன்று சோதனைகளை இங்கு விளக்குகின்றோம். மூன்றும் விவசாயியின் தொழிலோடு ஒட்டியவை.

முதற் சோதனை: கிணற்றுப் பம்பின் எல்லை

கிணற்றில் நீர்மட்டம் தாழ்ந்தால், மேட்டில் உள்ள பம்பு ஓடியும் நீர் வராது. அக்காலத்தில் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரைக் கீழே இறக்கியது இதனாலேயே. இதன் காரணத்தைப் பிள்ளைகள் ஓர் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டே கண்டறியலாம்.

பள்ளியின் மாடிப் படிக்கட்டின் அடியில் ஒரு வாளியில் தூய குடிநீரை வையுங்கள். குழாயின் ஒரு முனை நீரில் அமிழ்ந்திருக்கட்டும். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சிய வண்ணம் ஒரு மாணாக்கர் ஒவ்வொரு படியாக ஏறட்டும். சில படிகள் வரை நீர் எளிதில் ஏறும், பின்னர் சிரமப்படும், ஓர் உயரத்திற்கு மேல் ஏற மறுக்கும். நாம் நீரை "இழுப்பதாக" எண்ணுகின்றோம். உண்மையில் வாய் செய்வது குழாயில் உள்ள காற்றை அகற்றுவதே. வாளியின் நீர்மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் நீரை மேலே தள்ளுகின்றது. எவ்வளவு சிறந்த பம்பாயினும், குழாயில் ஒரு சிறிதும் காற்றில்லாமல் செய்தாலும், கடல் மட்டத்தில் வெளிக்காற்று நீரை ஏறத்தாழ 10.3 மீட்டர் உயரத்திற்கே தாங்கும். கோவை அதனினும் உயரத்தில் உள்ளதால் இங்கு அவ்வளவு சற்றுக் குறையும். உராய்வு முதலியவற்றைக் கழித்தால், நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டரே நம்பத்தக்கது. ஆழ்குழாய்க் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் வெகு ஆழத்திலிருந்தும் நீர் தருவது எவ்வாறு எனில், அது மேலிருந்து உறிஞ்சுவதில்லை, கீழிருந்து தள்ளுகின்றது.

அடுத்து, குழாயில் நீர்மட்டத்திற்கு மேலே ஊசியால் ஒரு சிறு துளை இட்டு உறிஞ்சச் சொல்லுங்கள். நீர் மேலேறாது, காற்றே வரும். உறிஞ்சு குழாயின் இணைப்பில் கசிவு ஏற்பட்டால் பம்பு ஏன் "காற்றுப் பிடிக்கிறது" என்பதும், அடியில் ஃபுட்வால்வு ஏன் வேண்டும் என்பதும் இப்போது விளங்கும்.

இதே வினா உலக விஞ்ஞானத்தையே மாற்றியது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில், ஏறத்தாழ பத்து மீட்டருக்கு மேல் பம்பு நீரை உறிஞ்ச மறுப்பதைத் தொழிலாளர்கள் கண்டனர். அதன் காரணத்தை ஆராய்ந்து, 1643-இல் பாதரசக் குழாயைக் கொண்டு காற்றின் அழுத்தத்தை அளந்து காட்டினார் டாரிசெல்லி. வானிலையை அறிய உதவும் பாரமானி தோன்றியது அவ்வாறே. கிணற்றடியில் எழுந்த ஐயம் ஒரு பெரும் விஞ்ஞானத்திற்கு வித்தாயிற்று.

நாம் ஒரு பள்ளியில் இச்சோதனையைக் கண்டபோது, ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி குழாயைக் கீழே வைத்துவிட்டு, "எங்க தாத்தா கிணத்துக்குள்ள மோட்டார இறக்கினது இதுக்குத்தானுங்களா?" என்று கேட்டாள். அவ்வொரு வினாவில் அவளுடைய வீடும் பள்ளியும் ஒன்றாயின.

இரண்டாம் சோதனை: ஒரு ரூபாய் நாணயமளவு மோட்டார்

பட்டறையில் மீந்த எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஒரு டார்ச் விளக்குப் பாட்டரி, இரண்டு ஊக்குகள், பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம், ஒரு ரப்பர் வளையம் ஆகியவை போதும். கம்பியை நாணயத்தளவு வட்டமாகப் பத்து அல்லது பதினைந்து சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் இருபுறமும் நேராக நீட்டிவிட வேண்டும். பாட்டரியின் இரு முனைகளிலும் ஊக்குகளை ரப்பர் வளையத்தால் பொருத்தி, ஊக்கின் கண்களில் கம்பி முனைகளைத் தாங்கச் செய்து, காந்தத்தைச் சுருளின் அடியில் பாட்டரியின் மேல் வைத்தல் வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கம்பியின் ஒரு முனையில் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். இரண்டையும் முழுவதும் சுரண்டினால், காந்தம் சுருளை ஒரு நிலைக்கு இழுத்து அங்கேயே நிறுத்திவிடும். பாதி சுரண்டிய முனையில் அரைச் சுற்றுக்கு மின்சாரம் தடைப்படுவதால், சுருள் தன் வேகத்தாலேயே அந்நிலையைக் கடந்து மீண்டும் உந்துதல் பெறுகின்றது. மின்சாரத்தை உரிய நேரத்தில் மாற்றுவதே மோட்டாரின் இரகசியம். முதன்முறை இச்சுருள் பெரும்பாலும் சுழலாது. ஏன் சுழலவில்லை என்று தேடும் அந்த நேரமே கற்கும் நேரம். பெரியோர் பொறுமையின்றிக் கையிலிருந்து பிடுங்கிச் சரி செய்துவிடலாகாது.

மூன்றாம் சோதனை: மழையும் நீரின் தன்மையும்

அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, மழை நின்றதும் தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளக்கச் செய்யுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சரியாக ஒரு லிட்டர் நீர். ஆகவே 25 மில்லிமீட்டர் மழையில், 100 சதுர மீட்டர் பரப்புள்ள பள்ளிக் கூரையின்மேல் 2,500 லிட்டர் விழுகின்றது. ஒரு ஏக்கர் நிலத்திலோ ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகின்றது. மேற்குமலையின் மழைமறைவில் உள்ள நம் பகுதிக்கு இக்கணக்கு மிக வேண்டியதொன்று.

பின்னர், மழைநீர், குழாய் நீர், ஆழ்குழாய் நீர் ஆகியவற்றைச் சம அளவில் மூன்று புட்டிகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். உப்புகள் மிகுந்த கடின நீரில் நுரை குறையும். வெண்ணிறத் திரள் தோன்றும். தம் ஊர் நீரைப் பற்றிப் பிள்ளைகள் பெறும் முதல் ஆய்வறிக்கை இதுவாகும். நொய்யலாற்றின் குளங்களில் ஒன்றான சிங்காநல்லூர்க் குளத்திற்குச் சென்று, அங்குள்ள நீரையும் பறவைகளையும் குறித்து வருவதும் இதனோடு இணைந்த நல்ல பயிற்சி.

விவசாயிகளின் ஐயங்கள்

ஒரு கிராமத்தில் இவற்றைப் பற்றிப் பேசியபோது பெரியவர் ஒருவர், "பையன் மோட்டாரப் பிரிச்சுப் போட்டா பரீட்சையில மார்க்கு வருமுங்களா?" என்று வினவினார். நியாயமான வினா. பிரித்துப் பார்ப்பதால் மட்டும் மதிப்பெண் வந்துவிடாது. பார்த்ததைத் தன் சொற்களில் எழுதிப் பழக வேண்டும். அவ்வாறு எழுதிய பிள்ளைக்குப் பாடம் மனப்பாடச் சுமையாக இராது.

"இதையெல்லாம் கற்றால் பிள்ளை விவசாயத்தை விட்டு ஓடிவிடுவானே" என்பது மற்றொரு கவலை. ஓடுவோர் கற்காமலும் ஓடுகின்றனர். நிலத்தில் இருப்பவரோ, பம்பின் குதிரைத் திறனைக் கிணற்றின் ஆழத்திற்கும் ஊற்றுக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கவும், சொட்டு நீர்ப்பாசனக் குழாயின் அடைப்பை நீக்கவும், கடைக்காரர் சொல்வதைச் சீர்தூக்கவும் அறிந்திருக்க வேண்டும். தேவைக்கு மேற்பட்ட திறனுள்ள மோட்டாரை வாங்கி வீண் செலவுக்கு ஆளாகும் விவசாயிக்கு இக்கல்வியின் மதிப்பை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவது, அச்சத்தை அகற்றுதல். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் உள்ளாட்சிப் பிரதிநிதியும் இடம் பெறுகின்றனர். வகுப்பில் பயன்படுத்துகையில் உடைந்த பொருளை உபாத்தியாயரின் குற்றமாகக் கருதலாகாது என்ற கருத்தைக் குழுவின் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். விதிப்படி அதனை நீக்கவும் புதியது பெறவும் தலைமையாசிரியருக்குத் துணை நில்லுங்கள். பள்ளிக்குச் செல்லும்போது "எத்தனை உள்ளன?" என்று கேளாமல், "எத்தனை பிள்ளைகள் தொட்டனர்?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஊரின் தொழிலாளரைப் பள்ளிக்கு அழைத்தல். காயில் கட்டுபவரும், பம்பு பழுது பார்ப்பவரும், கொல்லரும், தச்சரும் நம் ஊரின் பொறியியல் உபாத்தியாயர்களே. எரிந்த பழைய மோட்டார் ஒன்றைப் பள்ளிக்கு அளித்து, மின் இணைப்பின்றி, அதனைப் பிரித்துக் காட்டச் செய்யுங்கள். ஆனால் பட்டறையைப் பார்ப்பது வேறு, பட்டறையில் வேலை செய்வது வேறு. 14 வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்துவதையும், 18 வயது நிறையாதவரை அபாயத் தொழிலில் அமர்த்துவதையும் சட்டம் தடை செய்கின்றது. கல்வியின் பெயரால் பிள்ளையைக் கூலியாக்க எவருக்கும் இடங்கொடுக்கலாகாது.

மூன்றாவது, பாதுகாப்பு. பிள்ளைகளின் சோதனைகளுக்கு டார்ச் பாட்டரியின் மின்சாரமே போதும். வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது. கம்பி சூடேறினால் உடனே இணைப்பை நீக்குதல் வேண்டும். நீர்மட்டம் அளக்கக் கிணற்றுக்குச் சென்றால், பெரியவர் உடனிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றை அணுகலாகாது.

நான்காவது, பெண் பிள்ளைகளுக்குச் சம இடம். ஆண் பிள்ளை திருப்புளியைப் பிடிப்பதும் பெண் பிள்ளை குறிப்பெழுதுவதும் பல பள்ளிகளில் நாம் கண்ட வழக்கம். முறைவைத்து இருவரும் இரண்டையும் செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளைகளின் முடிவுகளுக்கு ஊர்ச்சபையில் மதிப்பளித்தல். மார்ச் 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் தினத்தையொட்டிக் கிராம சபை கூடுகின்றது. அன்று பிள்ளைகள் தாம் அளந்த மழைக் கணக்கையும் நீர்ச் சோதனையையும் எழுந்து வாசிக்கட்டும். அதற்கு முன்னதாக, சர். சி. வி. இராமன் 1928-இல் தம் கண்டுபிடிப்பை நிகழ்த்திய நாளான பிப்ரவரி 28, தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப் பெறுகின்றது. அன்று பள்ளியில் ஒரு சிறு கண்காட்சி வைத்துப் பெற்றோரை அழைக்கலாம்.

முடிவுரை

மேற்சொன்னவற்றுள் பெருஞ்செலவு வேண்டுவது எதுவும் இல்லை. ஒரு குழாய், ஒரு பாட்டரி, சிறிது செம்புக் கம்பி, ஒரு புட்டி மழைநீர் ஆகியவற்றோடு பெரியவர்களின் பொறுமையும் வேண்டும். கலங்கல் கிராமத்தின் சிறுவர் ஒருவர் வண்டியைப் பிரித்துப் பார்க்க உணவு விடுதியில் உழைத்துப் பொருள் ஈட்ட வேண்டியிருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு வேண்டிய பொருள்கள் பல பள்ளிகளின் அலமாரியில் முன்னரே வந்து சேர்ந்துள்ளன.

ஆகவே, அன்புள்ள பஞ்சாயத்து அங்கத்தினர்களே, விவசாய சகோதர சகோதரிகளே, அடுத்த வாரம் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒருமுறை செல்லுங்கள். அந்த அலமாரி பூட்டியிருந்தால் சாவியைக் கேட்டு வாங்கி, ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள். இனி நாமும் பள்ளிப் பதிவேட்டில் "மிக நன்று" என்று எழுதுமுன், உடைந்த குழாய் ஒன்றாவது உண்டா என்று பார்த்தே எழுதுவோம்.